சேத அறிக்கை

வின்ரர்தூர். அருங்காட்சியகத்தின் நிலவறை.
வெளியே மூன்றாம் நாளாக மூடுபனி.
காலையில் இரண்டு மலைகள் வந்து இறங்கின.

ஒன்று எண்பத்தாறு கிலோ.
பொன்முலாம் சட்டம், நான்கு பேர், சக்கரவண்டி,
மூலைக்கு மூலை ரூடியின் அதட்டல்.
மற்றது ஒரு முழப் பெட்டிக்குள்
நாடா கட்டிய காகிதச் சுருள்.
அதை நான் தனியே தூக்கினேன்,
தூங்கும் பூனையை மடிமாற்றுவது போல.

படம் பார்ப்பதல்ல என் வேலை,
காயம் பார்ப்பது.
படிவத்தில் பென்சிலால் எழுத வேண்டும்:
வானம், மேல் இடது மூலை, மயிரிழை வெடிப்பு.
பனியாறு, ஈ எச்சம், பழையது.
அடிவாரப் பசுவின் கொம்பில் வார்னிஷ் மஞ்சளித்திருக்கிறது.

எண்ணெய் மலையில் மணி பார்க்கலாம்.
ஓகஸ்ட், பிற்பகல் நான்கு இருபது.
பாறை நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
அதற்குச் சாட்சி சொல்கின்றன.
நான் நிற்க வேண்டிய இடத்தையும் அதுவே குறித்து வைத்திருக்கிறது.
அங்கே நின்றால்
பள்ளத்தாக்கு முழுவதும் என் ஒரு கண்ணை நோக்கி ஓடி வருகிறது
கூப்பிட்ட நாய் மாதிரி.

சுருளை ஷூயுன் விரித்தாள், வலமிருந்து இடமாக.
ஒரு முழம் திறப்பாள், ஒரு முழம் மூடுவாள்.
நிழலே இல்லை.
பாலத்துக்குக் கீழே இருந்தேன்;
அடுத்த முழத்தில் கூரைக்கு மேலே.
எப்போது ஏறினேன் என்று கால்களுக்குத் தெரியவில்லை.
வானத்தில் ஏழு சிவப்பு முத்திரைகள்,
வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராய்க் குத்தியவை.
எண்ணெய் வானத்தில் யாராவது இப்படிக் குத்தியிருந்தால்
வழக்குப் போட்டிருப்பார்கள்.

மூன்றாம் முழத்தில் ஒன்றுமே இல்லை.
ரூடி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
எழுது என்றான்: இழப்பு, முப்பது சென்ரிமீற்றர்.
எழுதினேன்.
ஷூயுன் சிரித்தாள்.
"அது ஆறு."
"தண்ணீர் எங்கே?"
"படகு இருக்கிறதே."

அழிறப்பரைத் தேடி எடுக்கச் சற்று நேரமானது.

மத்தியானம் எண்ணெய் மலையை
அகச்சிவப்பு விளக்கின் கீழ் வைத்தோம்.
திரையில் பனி விலகியது.
உள்ளே ஒருவன்.
தொப்பி போட்டு, கல்லில் குந்தி,
முழங்காலில் கைகளைக் கோத்தபடி.
கரிக்கோடுகள், அவசரமானவை.
ஓவியன் பிறகு மனம் மாறி
ஈய வெள்ளையைத் தடிப்பாய் அப்பி மூடியிருக்கிறான்.
நூற்றைம்பது குளிர்காலம் அவன் மேல்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
சேதம் இல்லை. பழுதுபார்ப்பும் இல்லை.
ரூடி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
ஷூயுன் தன் சுருளுக்குத் திரும்பிப் போய்
ஏதோ தேடினாள்.
விறகு சுமந்து ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான், அரிசியளவு.
அவ்வளவு சிறியவன் என்பதால்
அவனை யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கே வெள்ளை கடைசியாகப் பூசப்பட்டது.
இங்கே அது முதலிலேயே தொடாமல் விடப்பட்டது.
காகிதம் பழுத்துத் தேநீர் நிறமாகிவிட்டது,
இருந்தும் கண் அதை வெள்ளை என்றே அடம்பிடிக்கிறது.

எங்கள் மொழியில் மலைக்கு யாமம் பொழுது, கூதிர் பருவம்.
யார் வந்தார், யார் காத்திருந்தார் என்று தெரியாமல்
மலையைச் சொல்லி முடிப்பதில்லை.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்து
பரீட்சைத்தாளிலேயே விட்டுவந்த சங்கதி.
தொப்பிக்காரனைப் பார்த்ததும் திரும்பி வந்தது, அரைகுறையாக.
அவன் யாருக்காகக் குந்தியிருந்தான்?

ஐந்து மணிக்கு விளக்கணைத்தோம்.
தரிப்பிடத்தில் ரூடி ஷூயுனிடம் வருத்தப்பட்டான்,
தெளிந்த நாளென்றால் ஆல்ப்ஸ் தெரியுமாம், அதோ, அந்தப் பக்கம்.
அவள் அந்தப் பக்கத்தை
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு மங்கல் வெளிச்சங்கள்,
எண் இல்லாமல், பேருந்தும் இல்லாமல்.
அவை வந்ததால்தான் அங்கே வீதி இருந்தது.
ரூடி கையைக் காட்டினான்.